இருதலைக் கொள்ளியும் இருபத்திரண்டாம் விதியும்
- ஜோசப் ஹெல்லரின் நாவலை முன்வைத்துச் சில குறிப்புகள்

'பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் நடக்கும். கல்யாணம் நடந்தால்தான் பைத்தியம் தெளியும்.' ஒரு காரியம் எந்தப் பக்கத்தாலும் நகராமல் நிற்கும்போது எங்கள் ஊர் வயதானவர்கள் சொல்லும் பழமொழி இது. சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். கேட்பவனும் சிரிப்பான். காரியம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஏறக்குறைய இந்தப் பழமொழியையே ஓர் அமெரிக்க எழுத்தாளர் பெரியதொரு போர் நாவலாக எழுதியிருக்கிறார். ஜோசப் ஹெல்லரின் 'கேட்ச்-22' என்ற அந்த நாவல் 1961இல் வெளிவந்தது. ஆசிரிய கலாசாலையில் படித்த காலத்தில் விரிவுரையாளர் ஒருவர் இதன் பெயரைச் சொல்லக் கேட்டேன். புத்தகம் கைக்கு வரப் பல வருடங்கள் சென்றன. கொழும்பில் பழைய புத்தகக் கடையொன்றில் அட்டை கிழிந்த பிரதி கிடைத்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு ஆகஸ்ட் விடுமுறைகளில் வாசித்து முடித்தேன். ஆங்கில இலக்கியம் கற்ற ஒருவரின் தீர்ப்பாக இதனை எவரும் கொள்ள வேண்டாம். சுற்றுநிருபங்களுக்குள் வாழ்க்கை நடத்தும் கிராமத்து ஆசிரியன் ஒருவனின் வாசிப்பு இது.

முதலில் எனது கதை. 2011இல் நான் தூரத்துப் பாடசாலையொன்றில் இருந்தேன். கடமைக் காலம் முடிந்து இடமாற்றத்துக்கு விண்ணப்பித்தேன். இடமாற்றம் கிடைத்தது. ஆனால் விடுவிப்புக் கிடைக்கவில்லை. பதில் ஆசிரியர் வந்தால்தான் என்னை விடுவிக்கலாம் என்றார்கள். பதில் ஆசிரியர் ஏன் வரவில்லை என்று கேட்டேன். அந்தப் பாடசாலையில் எனது பாடத்துக்கு வெற்றிடம் இல்லையாம். வெற்றிடம் ஏன் இல்லை? நான் அங்கே இருக்கிறேனே! பொறுப்பாக இருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர். எனக்குப் பிளேன்டீ எடுப்பித்துத் தந்தார். "நான் என்ன சேர் செய்யிற? சுற்றுநிருபம் அப்படித்தான் கிடக்கு" என்றார். அவருடைய முகத்தில் உண்மையான கவலை இருந்தது. இப்படி இரண்டு வருடங்கள் போயின. ஹெல்லரின் நாவலைப் பிற்பாடு வாசித்தபோது அந்த உத்தியோகத்தரை அதில் ஒரு வைத்தியராகச் சந்தித்தேன்.

ஹெல்லர் 1923இல் நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர். 1944இல் கொர்சிக்கா தீவிலிருந்து புறப்பட்ட பி-25 விமானங்களில் குண்டு இலக்குப் பார்ப்பவராக 60 பறப்புகளை முடித்தவர். நாவலின் கதாநாயகன் யொசாரியனும் அதே தொழில் செய்பவன். பியனோசா என்ற மத்தியதரைக் கடல் தீவு கதையின் களம். முகமறியாத மனிதர்கள் கீழேயிருந்து தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்பது யொசாரியனின் முறைப்பாடு. எல்லோரையும்தானே சுடுகிறார்கள் என்று நண்பர்கள் சமாதானம் சொல்கிறார்கள். அதனால் என்ன வித்தியாசம் என்பது அவனுடைய கேள்வி.

வீடு போக வேண்டுமானால் குறித்த எண்ணிக்கையான பறப்புகளை முடிக்க வேண்டும். இவன் அந்த எண்ணை நெருங்கும்போதெல்லாம் கேணல் கத்கார்ட் எண்ணை உயர்த்துகிறார். 40, 45, 50 என்று ஏறிக் கடைசியில் 80 வரை போகிறது. எஞ்சியிருப்பது ஒரே வழி. பைத்தியக்காரனைப் பறக்க அனுப்பக் கூடாது என்று விதி இருக்கிறது. படைப்பிரிவு வைத்தியர் டொக் டனீக்காவிடம் யொசாரியன் போகிறான். அங்கேதான் இருபத்திரண்டாம் விதி வெளிவருகிறது.

நான் கணிதமும் படிப்பிப்பவன். ஆகவே அந்த விதியைக் கரும்பலகையில் எழுதுவதுபோல் மூன்று வரிகளாகப் பிரித்துப் பார்க்கிறேன். ஒன்று, பைத்தியம் பிடித்தவரைப் பறப்பிலிருந்து நிறுத்த வேண்டும். இரண்டு, அவரே வந்து கேட்டால்தான் நிறுத்தலாம். மூன்று, உயிராபத்துக்குப் பயந்து கேட்பவர் தெளிந்த புத்தியுள்ளவர். அவர் பறக்கத்தான் வேண்டும். முதலாம் வரியில் இரக்கம் இருக்கிறது. இரண்டாம் வரியில் நிர்வாக ஒழுங்கு இருக்கிறது. மூன்றாம் வரியில் மறுக்க முடியாத நியாயம் இருக்கிறது. தனித்தனியே எந்த வரியிலும் பிழை கண்டுபிடிக்க முடியாது. மூன்றையும் சேர்த்தால் நிறுத்தப்படக்கூடியவர்களின் தொடையில் ஓர் உறுப்பினர்கூட இல்லை. இரக்கம் தாளில் பத்திரமாக இருக்கிறது. விமானங்களும் நிறைந்த ஆளணியோடு பறக்கின்றன. அந்த விதியின் கச்சிதத்தைக் கண்டு யொசாரியனே வியந்து சீட்டியடிக்கிறான். தன்னைக் கட்டிய முடிச்சின் அழகைக் கட்டுண்டவனே மெச்சும் அந்த இடம் நாவலின் மிகச் சிறந்த இடங்களில் ஒன்று.

'கேட்ச்' என்பதை இவ்விடத்தில் தூண்டில் இரைக்குள் மறைந்திருக்கும் கொழுக்கி என்று விளங்கிக்கொள்ளலாம். 22 என்ற எண்ணுக்கு ஒரு சிறு வரலாறு உண்டு. நாவலின் முதல் அத்தியாயம் 1955இல் 'கேட்ச்-18' என்ற தலைப்பில் வெளிவந்தது. பின்னர் லியோன் யூரிஸ் என்பவரின் 'மிலா 18' நாவலும் அதே காலத்தில் வரவிருந்ததால் 18 கைவிடப்பட்டு 22 வைக்கப்பட்டது. ஆகவே அந்த எண்ணுக்குப் பின்னால் ஆழ்ந்த பொருள் எதுவுமில்லை. எனினும் அது நாவலுக்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. ஒரு விதிக்கு எண் இருந்தால் மனிதர் அதனை நம்பிவிடுவர். எண் இருப்பதால் முன்னால் இருபத்தொரு விதிகள் இருக்கும் என்றும், எல்லாவற்றையும் ஒருவர் யோசித்துத்தான் எழுதியிருப்பார் என்றும் எண்ணிக்கொள்வர்.

இனி எமது பழமொழிக்கும் இந்த விதிக்கும் உள்ள வித்தியாசத்துக்கு வருவோம். பைத்தியம், கல்யாணம் என்ற முடிச்சை எவரும் வேண்டுமென்று போடவில்லை. பெண் வீட்டாரிலும் குற்றமில்லை, மாப்பிள்ளை வீட்டாரிலும் குற்றமில்லை. இருதலைக் கொள்ளி எறும்பு என்ற தொடரும் இத்தகையதே. நாம் எறும்பைப் பார்க்கிறோம். கொள்ளியின் இரு முனைகளிலும் நெருப்பு வைத்தவர் யார் என்று அந்தத் தொடர் கேட்பதில்லை. ஹெல்லர் கேட்கிறார். கேணல் கத்கார்ட்டுக்கு ஜெனரலாக வேண்டும். தனது படைப்பிரிவு மற்றவற்றைவிட அதிகமாகப் பறந்தது என்று மேலிடத்தில் பெயர் வாங்க வேண்டும். பிரபல சஞ்சிகையொன்றில் படம் வர வேண்டும். முடிச்சினால் இலாபம் அடைபவர் பெயரோடும் பதவியோடும் நமக்குக் காட்டப்படுகிறார்.

இன்னோர் இடத்தில் இது மேலும் தெளிவாகிறது. மேலிடத் தலைமையகத்தின் விதிப்படி 40 பறப்புகள் போதும் என்று யொசாரியன் அறிகிறான். அப்படியானால் வீடு போகலாமே! போக முடியாது. 40 முடித்தவர் வீடு போகலாம் என்று விதி சொல்கிறது. போயே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் தளபதியின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது. கேணல் மேலிடத்துக் கட்டளையை மீறியே எண்ணை உயர்த்தியிருந்தாலும், அவருக்குக் கீழ்ப்படியாதவன் குற்றவாளி. உரிமை தரும் விதி 'லாம்' என்று முடிகிறது. கடமை சுமத்தும் விதி 'வேண்டும்' என்று முடிகிறது. இலக்கணம் படிப்பிக்கும் ஆசிரியர்கள் இந்த இரண்டு விகுதிகளையும் கவனிக்க வேண்டும். எமது அலுவலகக் கடிதங்களிலும் இந்தப் பங்கீடுதான் நடக்கிறது.

விதியை விளக்கும் டொக் டனீக்காவின் கதி என்னவாயிற்று என்பதும் முக்கியம். பறக்கப் பயந்தவர் அவர். ஆனால் பறப்புப் படிக்காசு வேண்டும் என்பதற்காக ஏறாத விமானத்தின் பதிவேட்டில் தமது பெயரைப் போடுவித்துக்கொள்வார். ஒருநாள் அப்படிப் பெயர் போட்ட விமானம் மலையில் மோதுகிறது. பதிவேட்டின்படி டனீக்கா இறந்துவிட்டார். ஆள் எதிரே நின்று பேசினாலும் எவரும் ஏற்பதாயில்லை. சம்பளம் நிற்கிறது. ஊரில் மனைவிக்கு நட்டஈடும் காப்புறுதிப் பணமும் வருகின்றன. அவளும் விலாசம் சொல்லாமல் வீடு மாறிவிடுகிறாள். இதற்கு எதிர்ப்பக்கத்தில் யொசாரியனின் கூடாரத்தில் மட் என்ற ஒருவனின் பொதி கிடக்கிறது. வந்து சேர்ந்ததைப் பதிய முன்னரே பறப்பில் அனுப்பப்பட்டு இறந்தவன் அவன். வரவே இல்லாதவன் எப்படி இறக்க முடியும்? ஆகவே அவனது பொதியை அகற்றவும் விதியில்லை. உயிரோடிருப்பவன் தாளில் மையித்து. மையித்தானவன் தாளில் வரவே இல்லை. விதியைச் சொல்லிக் கைவிரித்தவரே விதிக்குள் அகப்பட்டுக்கொண்டதில் ஹெல்லர் எல்லோருக்குமாக ஓர் எச்சரிக்கை வைத்திருக்கிறார். எனக்குப் பிளேன்டீ தந்த உத்தியோகத்தரும் ஒருநாள் ஓய்வூதியத்துக்கு வரிசையில் நிற்பார்.

இந்நாவலைப் படிக்கையில் மேலும் இரண்டு படைப்புகள் நினைவுக்கு வந்தன. முதலாவது செர்வாண்டிசின் 'டொன் குயிக்சோட்'. அதன் இரண்டாம் பாகம் 1615இல் வெளிவந்தது. அதில் சாஞ்சோ பன்சா என்ற படிப்பறியாத பணியாள் ஒரு 'தீவு'க்கு ஆளுநராக்கப்படுகிறான். அவன் முன்னால் ஒரு வழக்கு வருகிறது. ஒரு பாலத்தைக் கடப்பவர் எங்கே போகிறார் என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டும். மெய் சொன்னால் போக விட வேண்டும். பொய் சொன்னால் அங்குள்ள தூக்குமரத்தில் தொங்கவிட வேண்டும். ஒருவன் வந்து, அந்தத் தூக்குமரத்தில் சாகத்தான் போகிறேன் என்கிறான். தூக்கிலிட்டால் அவன் சொன்னது மெய்யாகிவிடும். விட வேண்டியவனைக் கொன்றதாகும். விட்டால் அவன் சொன்னது பொய்யாகிவிடும். கொல்ல வேண்டியவனை விட்டதாகும். நீதிபதிகள் திகைக்கிறார்கள். சாஞ்சோவின் தீர்ப்பு எளிமையானது. இரு பக்கக் காரணங்களும் சமமாக இருக்கும்போது தீமை செய்வதைவிட நன்மை செய்வது மேல். அவனைப் போக விடுங்கள். நீதி சந்தேகத்துக்கிடமாகும்போது கருணையின் பக்கம் சாய வேண்டும் என்று தன் எஜமான் சொல்லித் தந்தது அவனுக்கு அந்த நேரத்தில் நினைவு வருகிறது.

விதிகள் முரண்படுவது உலகில் தவிர்க்க முடியாதது. எந்தச் சட்டத்தை எழுதினாலும் ஏதோ ஒரு பாலத்தில் அது தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும். அப்போது அதிகாரத்தில் இருப்பவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதே கேள்வி. சாஞ்சோ மனிதனின் பக்கம் சாய்ந்தான். கத்கார்ட் பதவியின் பக்கம் சாய்ந்தார். இரண்டு நூல்களுக்கும் இடைப்பட்ட முந்நூற்றைம்பது வருடத் தூரம் இந்த ஒரு சாய்வில் தெரிகிறது.

இரண்டாவது காஃப்காவின் 'விசாரணை'. அவர் இறந்த பிறகு 1925இல் வெளிவந்த நாவல். அதற்குள் வரும் வாயிற்காவலன் கதை பலருக்கும் தெரிந்தது. சட்டத்தின் வாசலில் ஒருவன் வாழ்நாள் முழுதும் அனுமதிக்காகக் காத்திருக்கிறான். சாகும் தறுவாயில், அந்த வாசல் அவனுக்காகவே இருந்தது என்று சொல்லப்படுகிறது. பின்னர் அது மூடப்படுகிறது. காஃப்காவிடம் சட்டம் எங்கோ உள்ளே ஒளியோடு இருக்கிறது. நாம் அதனை அடைய முடியாது. அதனால் அங்கே ஒருவித அச்சமும் மரியாதையும் கலந்திருக்கின்றன. ஹெல்லரிடம் அந்த மரியாதை இல்லை. நாவலின் பிற்பகுதியில் யொசாரியன் ரோம் நகருக்குப் போகிறான். அவனுக்குப் பழக்கமான வீட்டிலிருந்த பெண் பிள்ளைகளைப் படையினர் தெருவுக்குத் துரத்திவிட்டார்கள். தனியே அழுதுகொண்டிருக்கும் கிழவியிடம் காரணம் கேட்கிறான். இருபத்திரண்டாம் விதி என்று சொன்னார்களாம். விதியைக் காட்டினார்களா என்று கேட்கிறான். காட்டத் தேவையில்லை என்று அந்த விதியிலேயே இருக்கிறதாம். அப்போதுதான் அப்படி ஒரு விதியே இல்லை என்பது யொசாரியனுக்கு உறுதியாகிறது. இல்லாதிருப்பது அதனை இன்னும் பலமாக்கிவிடுகிறது. இருக்கும் தாளைக் கிழிக்கலாம், எரிக்கலாம், திருத்தலாம். இல்லாத தாளை என்ன செய்வது?

முதல் நூறு பக்கங்களில் நம்மைச் சிரிக்க வைத்த அதே சொல் இங்கே வயிற்றைப் பிசைகிறது. நாவலின் அமைப்பே இதுதான். ஒரு சம்பவம் முதலில் பகிடியாக வரும். நூறு பக்கம் கழித்து அதே சம்பவம் இன்னும் சிறிது விபரத்தோடு வரும். மூன்றாம் முறை இரத்தத்தோடு வரும். ஸ்னோடன் என்ற இளைஞன் விமானத்துக்குள் சாகும் காட்சி இவ்வாறு துண்டு துண்டாகவே நம்மை வந்தடைகிறது. காலவரிசை குழம்பியிருப்பதாகச் சலித்துக்கொள்ளும் வாசகர் இதற்காகப் பொறுமை காக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. நாவல் தேவைக்கு மேல் நீண்டது. ஒரே பகிடி பெயர் மாற்றிப் பல தடவை வருகிறது. பெண்கள் எவரும் முழு மனிதராக உருப்பெறவில்லை. தாதியராகவும் விலைமாதராகவும் வந்து போகிறார்கள். ரோம் அத்தியாயத்துக் கிழவி மட்டுமே மனதில் நிற்கிறாள். முடிவும் என்னை முற்றாகத் திருப்திப்படுத்தவில்லை. ஓர் என்ற நண்பன் திரும்பத் திரும்ப விமானத்தைக் கடலில் இறக்கியவன். எல்லோரும் அவனைக் கிறுக்கன் என்கிறார்கள். அவன் தப்பிப்பதற்குப் பயிற்சி எடுத்திருக்கிறான் என்பதும், சுவீடன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்பதும் கடைசியில் தெரியவர, யொசாரியனும் ஓடுகிறான். இது தனியொருவனின் விடுதலை. விதி பியனோசாவில் அப்படியே இருக்கிறது. அடுத்து வரும் இளைஞன் அதே கொழுக்கியை விழுங்குவான்.

எமது மக்களுக்கு ஓட ஒரு சுவீடனும் இருப்பதில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் புத்தளத்தில் தங்கினர். 2009இல் போர் முடிந்து திரும்ப முனைந்தவர்கள் எதிர்கொண்டவற்றை நினைத்துப் பாருங்கள். வாக்காளர் இடாப்பில் பெயர் புத்தளத்தில் இருந்தால், நீங்கள் இங்கே மீள்குடியேறவில்லை. பெயரை வடக்குக்கு மாற்றினால், புத்தளத்தில் பிள்ளையின் பாடசாலைக்கும் நிவாரணத்துக்கும் நீங்கள் ஆளில்லை. அங்கே போய் வசிக்க வீடில்லை. வசித்தால்தான் வீட்டுத் திட்டத்துக்குத் தகுதி. முசலிப் பக்கத்தில் இருபது வருடங்கள் ஆளில்லாமல் கிடந்த காணிகள் காடேறிப் போயின. 2012இல் அப்பகுதியின் ஒரு பாகம் வர்த்தமானி மூலம் வன ஒதுக்காக்கப்பட்டது. வெட்டித் துப்புரவாக்கினால் காடழித்தவர். வெட்டாமல் விட்டால் கைவிட்டவர். இந்த விடயம் பின்னர் அரசியலாகவும் வழக்காகவும் ஆயிற்று. அதன் சரி பிழைக்குள் நான் இங்கு இறங்கவில்லை. ஓர் இலக்கிய வாசகனாக முடிச்சின் வடிவத்தையே சுட்டுகிறேன்.

எமது இடப்பெயர்வுக் கதைகள் கண்ணீரை நன்றாகச் சொல்லியிருக்கின்றன. விட்டுவந்த கிணறு, பூட்டிய வீடு, ஒரு பை உடுப்பு ஆகியவை எல்லாம் இலக்கியமாகியுள்ளன. படிவம் இன்னும் இலக்கியமாகவில்லை என்பது எனது அபிப்பிராயம். கந்தோர் வந்தாலும் அங்கே ஒரு கெட்ட எழுதுவினைஞர் உட்கார்ந்திருப்பார். அவரைத் திட்டிக் கதை முடிந்துவிடும். நல்ல எழுதுவினைஞர், கனிவான குரல், சரியான படிவம், எல்லாம் இருந்தும் மனிதன் வெறுங்கையோடு திரும்பும் கதை எழுதப்பட வேண்டும். அந்தக் கதையில்தான் நெருப்பு வைத்தவர் யார் என்ற கேள்வி எழும்.

எனது இடமாற்றக் கதைக்கு ஒரு முடிவு உண்டு. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், "தம்பி, அந்தச் சுற்றுநிருபத்தைக் கேட்டு வாசிச்சீங்களா?" என்று கேட்டார். நான் வாசிக்கவில்லை. அடுத்த முறை போய்க் கேட்டேன். அலுமாரியில் தேடி எடுத்துத் தந்தார்கள். பதில் ஆசிரியர் பற்றிய பந்தி இருந்தது. அதற்கு அடுத்த பந்தியில், தற்காலிக ஒழுங்கு செய்து விடுவிக்கலாம் என்றும் இருந்தது. இங்கேயும் 'லாம்'தான். இரண்டு வருடமாக அந்தப் பந்தியை அவரும் வாசிக்கவில்லை, நானும் வாசிக்கவில்லை. அடுத்த மாதம் ஊருக்கு வந்துவிட்டேன்.

கதை இங்கே முடிந்தால் நான் நல்லவனாகிவிடுவேன். நாவலை வாசித்து முடித்த தவணையில் இன்னொன்று நடந்தது. பிந்தி வரும் பிள்ளைகள் முதலாம் பாடம் முடியும்வரை வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது எனது ஒழுங்கு. முதலாம் பாடத்தில் கொடுத்த வீட்டுவேலையைச் செய்யாதவர்கள் மறுநாள் வெளியே நிற்க வேண்டும் என்பதும் எனது ஒழுங்குதான். வாப்பாவோடு விடியற்காலையில் கரைவலைக்குப் போய்வரும் மாணவன் ஒருவன் ஒரு கிழமையாக வெளியே நின்றான். முதலாம் நாள் பிந்தியதற்கு; மற்றைய நாட்கள் கேட்காத பாடத்தைச் செய்யாததற்கு. காரணம் கேட்டபோது, "உள்ளுக்கு விட்டாத்தானே சேர் தெரியும்" என்றான். பணிவாகத்தான் சொன்னான்.

எனக்கு ஜெனரலாகும் ஆசை இருக்கவில்லை. சத்தமில்லாத வகுப்பு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இரண்டு ஒழுங்குகளையும் வெவ்வேறு தவணைகளில் போட்டிருந்தேன். இரண்டும் தனித்தனியே நியாயமானவை. சேர்த்துப் பார்க்க ஒரு பிள்ளை ஒரு கிழமை வெயிலில் நிற்க வேண்டியிருந்தது.

அவனை உள்ளே கூப்பிட்டேன். சாஞ்சோ பன்சாவுக்குப் படிப்பறிவு இல்லை என்று செர்வாண்டிஸ் எழுதியிருப்பது அன்றைக்கு எனக்குச் சிறிது உறைத்தது.